இலையுதிர் காலத்தில் வரையக் கை ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யலாம்

இலையுதிர் காலம் தொடங்கியதும் ஆசையாகப் புது ஸ்கெட்ச் புக் ஒன்றைப் பிரித்து, மூன்றாவது பக்கத்தோடு மூடிவைத்துவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வருடம் நானும் அந்தக் கோஷ்டியில்தான் இருந்தேன். "மூடு வரவில்லை", "எதுவும் தோன்றவில்லை" என்று பொதுவாக ஒரு காரணத்தைச் சொல்லிக்கொள்வோம். வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டரும் மருந்து எழுதமாட்டார், எங்கே வலி, எப்போதிலிருந்து, சாப்பிடும் முன்னாலா பின்னாலா என்று கேட்டுக் குடைந்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார், அதே குடைச்சல் இதற்கும் தேவை. எந்த இடத்தில் தட்டி நிற்கிறீர்களோ அதைப் பொறுத்து மருந்து மாறும். வரிசையாகப் படிக்க வேண்டாம், உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடுங்கள்.

"அரை மணி நேரம் நடந்தேன், எதை வரைவது என்றே தெரியாமல் திரும்பிவிட்டேன்"

அதிகம் பேருக்கு இதுதான். நிற்கிற இடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மஞ்சளும் சிவப்புமாக ஆயிரக்கணக்கான இலைகள் இருக்கும்போது, எங்கே முதல் கோட்டைப் போடுவது என்று கைக்குத் தெரியாது. ரசனையில் குறை ஒன்றும் இல்லை, பார்க்கிற தூரம்தான் தப்பு.

குனியுங்கள். காலடியில் ஒரு முழம் அகலத்தைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1503இல் வாட்டர்கலரில் வரைந்த புல்கற்றைப் படம் ஒன்று வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலையும் இல்லை, ஆறும் இல்லை. நாம் மிதித்துக்கொண்டு போகிற புல்லும் களையும் ஒரு பிடி மண்ணும்தான், ஐந்நூறு வருடம் கழித்தும் அதை உற்றுப் பார்க்கிறோம்.

அடுத்து, ஒரே மரத்தின் மூன்று இலைகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்: இன்னும் பச்சை போகாத ஒன்று, பாதி மாறிய ஒன்று, காய்ந்து நொறுங்கும் ஒன்று. தமிழில் இலையின் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெயர் உண்டே, கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று. அதில் கடைசி மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. (பழுத்த இலைக்கும் அந்த நிறத்துக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் நன்றாகக் கவனித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது அழகு என்று பார்க்காமல், ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பச்சை முதலில் எந்த இடத்திலிருந்து போயிருக்கிறது? சில மரங்களில் ஓரத்திலிருந்து உள்ளே மாறிவந்து, நரம்பை ஒட்டி மட்டும் பச்சை கடைசி வரை நிற்கும். சிலவற்றில் திட்டுத் திட்டாகப் போகும். அந்தக் கேள்வியைப் பக்கத்தின் மூலையில் எழுதிவிட்டு, பதிலை வரையுங்கள்.

நடப்பது என்ன என்று தெரிந்தால் கவனிப்பதற்கு நிறையக் கிடைக்கும். மஞ்சள் புதிதாக வருவதில்லை. கரோட்டினாய்டு என்ற அந்த நிறமி கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறது, பச்சையம் சிதைந்து விலகும்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். சிவப்பின் கதை வேறு. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு அந்தோசயனின் என்ற நிறமியை மரம் அந்த நேரத்தில்தான் தயாரிக்கிறது, அதற்கு வெயில் வேண்டும். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் உள்ள வருடங்களில் சிவப்பு தூக்கலாக இருப்பது அதனால்தான். ஒரு இலையின் மேல் இன்னொரு இலை மறைத்துக்கொண்டிருந்தால், மறைந்த இடம் மட்டும் சிவக்காமல் மஞ்சளாக நிற்பதைப் பார்க்கலாம், மேலே இருந்த இலையின் நிழல் அச்சடித்த மாதிரி. அப்படி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அன்றைக்கு வேறு எதுவும் தேட வேண்டாம்.

இன்னும் தட்டுகிறதா? அப்படியானால் தேர்வு செய்கிற உரிமையை விட்டுவிடுங்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள், உங்கள் வலது காலணிக்கு மிக அருகில் கிடப்பது எதுவோ அதுதான் இன்றைய படம், ஐந்து நிமிடம், அலாரம் வைத்துக்கொண்டு. பாதி உடைந்த குச்சியாக இருந்தாலும் சரி. பக்கத்தில் தேதி, மணி, காற்று எப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 வருடங்களில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் வரைந்து தள்ளினார், பலவற்றின் பின்பக்கத்தில் நேரமும் காற்றும் வானிலையும் எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பு ஒரு வசதியைத் தருகிறது: படம் சுமாராக வந்தாலும் பக்கம் வீணாகாது.

"கண்ணுக்கு நெருப்பு மாதிரி இருக்கிறது, தாளில் வந்தால் சேறு"

இதற்குள் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நிறம் செத்துப்போய்ச் சாம்பலும் பழுப்புமாக வந்தால் அது சேறு. எல்லாம் கண்ணைக் குத்தினால் அது அலறல்.

சேறு என்றால் ஈரத்தைச் சோதியுங்கள். சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள், ஈரம் காயாமல் ஒன்றையொன்று தொட்டால் இரண்டும் அடித்துக்கொண்டு பழுப்பாகிவிடும். பாதி மாறிய இலையில் இரண்டும் பக்கம் பக்கமாக இருப்பதால் இந்தப் பருவத்தில் இது தினசரித் தொல்லை. ஒரு நிறம் முழுக்கக் காய்ந்தபிறகு அடுத்ததைப் போடுங்கள், அல்லது நடுவில் மயிரிழை அளவு வெள்ளையை விடுங்கள். இரண்டு நிறமும் கலந்து மங்குகிற இடம் இலையிலேயே இருந்தால் மட்டும் தாளிலும் கலக்க விடுங்கள்.

அலறல் என்றால் வேறு மருந்து. என் முதல் இலையுதிர் காலப் படத்தில் இரு பக்கமும் மரங்கள் உள்ள ஒரு பாதை முழுவதையும் டப்பாவில் இருந்த ஆரஞ்சால் நிரப்பியிருந்தேன். வீட்டில் பார்த்தவர்கள் "எங்கே தீ விபத்து?" என்று கேட்டார்கள். ஆரஞ்சு போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். தப்பு அங்கேதான். பிரான்ஸில் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவைக் கவனித்துவந்தார். கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை, மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தபோது அவர் சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. அதை ஆராய்ந்து 1839இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். நமக்குத் தேவையானது இதுதான்: ஆரஞ்சு எரிய வேண்டுமென்றால் ஆரஞ்சைத் தொடாதீர்கள், பக்கத்தில் இருப்பதை மங்கவையுங்கள். நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு நனைந்த அடிமரத்தைப் போட்டுவிட்டு அதன் முன்னால் ஒரே ஒரு இலையை ஆரஞ்சாக வையுங்கள், புரியும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் அந்தச் சாம்பல் வரும், நீலம் கூடினால் குளிர்ச்சியாக, சியன்னா கூடினால் வெதுவெதுப்பாக. இந்த இரண்டோடு எல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு பளிச்சென்ற மஞ்சள் இருந்தால் பருவம் முழுக்க ஓட்டலாம். சிவப்பு வாங்கும்போது அசல் அலிசரின் கிரிம்சனைத் தவிர்ப்பது நல்லது, வெளிச்சத்தில் வெளிறிப்போகும். அதே சாயலில் வெளிறாத மாற்று நிறமிகள் கிடைக்கின்றன.

இரண்டிலும் சேராத மூன்றாவது சந்தேகம் ஒன்று உண்டு. நிறம் சரியாகவே இருக்கும், ஆனாலும் படம் தட்டையாகக் கிடக்கும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், அல்லது போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். பிரகாசமாகத் தெரிந்த சிவப்பு மரம் பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட அடர்த்தியாக, பின்னால் உள்ள பச்சைக்குச் சமமான கருமையில் இருக்கும். மஞ்சள் மரம் எல்லாவற்றையும்விட வெளிறியிருக்கும். நாம் இரண்டையும் ஒரே அளவு வெளிச்சத்தில் பூசியிருப்போம்.

"இலை வரைந்தால் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கிறது"

வெளிக்கோட்டில் ஆரம்பித்தீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். காய்ந்த இலை ஒரு முறுக்கிய ரிப்பன். அதன் முதுகெலும்பு நடு நரம்பு, அதை முதலில் ஒரே வளைவாக, காம்பின் நுனியிலிருந்து இலையின் நுனி வரை போட்டுவிடுங்கள், வளைவு மறைகிற இடத்திலும் மனதுக்குள் கோட்டை ஓட்டிக்கொண்டு போங்கள். அதன்பிறகு ஒரு பக்க ஓரம், பிறகு அடுத்த பக்கம். ஓரம் மடிந்து அடிப்பக்கம் தெரிகிற இடத்தில் பலரும் மேல்பக்க நிறத்தையே தொடர்ந்துவிடுகிறார்கள். அடிப்பக்கம் வெளிறி, பளபளப்புக் குறைந்து, நரம்புகள் புடைத்து வேறு துணி போல இருக்கும். சந்தேகம் இருந்தால் இலையைக் குப்புறப் போட்டு அந்தப் பக்கத்தை மட்டும் வரையுங்கள், நான் பாதி இலைகளை இப்போதெல்லாம் அப்படித்தான் வரைகிறேன், சுவாரசியம் அந்தப் பக்கம்தான்.

நிழலையும் பாருங்கள். இலை தரையைத் தொடுகிற இடத்தில் மட்டும் நிழல் கருமையாக, கூர்மையாக இருக்கும், இலை தூக்கி நிற்கிற இடத்தில் ஓரம் கரைந்திருக்கும். இதை மட்டும் சரியாகப் போட்டாலே ஸ்டிக்கர் தாளிலிருந்து எழுந்துவிடும்.

நரம்புகளை மீன் முள் மாதிரி எல்லா இலைக்கும் போடாதீர்கள். ஓக் இலையில் நடு நரம்பிலிருந்து கிளைகள் பிரியும். மேப்பிளில் காம்பு வந்து சேரும் ஒரே புள்ளியிலிருந்து விரல்கள் போலப் பெரிய நரம்புகள் விரியும். கிங்கோவில் நடு நரம்பே கிடையாது, ஒவ்வொரு நரம்பும் இரண்டிரண்டாகக் கிளைத்துக்கொண்டே விசிறியின் ஓரம் வரை போகும்.

"வரைந்து முடிப்பதற்குள் இலை சுருண்டு நிறம் மாறிவிடுகிறது"

இதற்கு மருந்து வேகம். முதல் ஐந்து நிமிடத்தில் வடிவத்தை லேசாகக் குறித்து, ஓரத்தில் மூன்று நான்கு நிறத்திட்டுகளை இலையோடு ஒப்பிட்டுப் பூசிவிடுங்கள். பிறகு இலை என்ன ஆனாலும் பரவாயில்லை. பாதியில் நிறுத்த வேண்டுமென்றால் ஈரத்தாளில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். புத்தகத்துக்குள் அழுத்தி வைத்தால் நிறம் கொஞ்சம் தங்கும், ஆனால் வளைவு போய்விடும், மேலே சொன்ன ஸ்டிக்கர் நோய் திரும்பவும் வரும்.

அல்லது மாறுவதையே வரையுங்கள். ஒரே இலை, ஒரே பக்கம், ஒரே நேரம், தொடர்ந்து நான்கு நாட்கள். இதில் என் கட்சி பைன் கூம்புதான். அது காய்ந்தால் செதில் விரிக்கும், நனைந்தால் மூடிக்கொள்ளும், விதை நல்ல வெயில் நாளில் காற்றில் போகட்டும் என்ற ஏற்பாடு. மரத்திலிருந்து விழுந்த பிறகும் இந்த வேலையைச் செய்யும். விரிந்த கூம்பை வரைந்துவிட்டுத் தண்ணீரில் போட்டு வையுங்கள், கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் வேறு ஒரு பொருள் கையில் இருக்கும், அதையும் பக்கத்தில் வரையலாம். செதில்கள் சுழன்று போகிற வரிசைகளை எண்ணினால் பெரும்பாலும் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13 இருக்கும். எண்ணிவிட்டு வரைந்தால் கை தானாக ஒழுங்குக்கு வரும்.

"மரம் வரைந்தால் துடைப்பம் வருகிறது"

பாதி இலை கொட்டிய மரம்தான் இதற்கு நல்ல வாத்தியார், எலும்பும் தெரியும், இலைக் கொத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும். முதலில் கனத்தைச் சோதியுங்கள். ஒரு மரத்தின் கிளைகளையெல்லாம் எந்த உயரத்தில் சேர்த்துக் கட்டினாலும் அடிமரத்தின் கனம் வரும் என்று லியொனார்டோ டா வின்சி குறித்துவைத்திருக்கிறார். எல்லா மரத்துக்கும் துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் வரைய இது போதும். துடைப்பம் வருகிறதென்றால் நீங்கள் கிளை பிரிந்த பிறகும் கனத்தைக் குறைக்காமல் இழுத்துக்கொண்டு போகிறீர்கள்.

அப்புறம் கிளை பிரிகிற விதம். மேப்பிளிலும் ஆஷிலும் சிறு கிளைகள் எதிரெதிராக ஜோடியாகக் கிளம்பும், ஓக்கிலும் பீச்சிலும் மாற்றி மாற்றி. கடைசியாக, கிளைகளை விட்டுவிட்டு அவற்றுக்கு நடுவே தெரிகிற வானத்துண்டுகளை வரைந்து பாருங்கள். ஏற்கெனவே மரம் இப்படித்தான் இருக்கும் என்று கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, வானத்துண்டு எப்படி இருக்கும் என்று எந்தக் கைக்கும் பழக்கம் இல்லை, அதனால் கண் சொல்வதைக் கேட்கும்.

"குளிர், காற்று, ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விடுகிறது"

இது மனசுக் கோளாறே இல்லை, வெறும் ஏற்பாட்டுக் கோளாறு. விரல் நுனி திறந்த கையுறை, கையடக்கப் புத்தகம், ஒரு 2பி பென்சில். ஈரக்காற்றில் வாட்டர்கலர் காயாது, நிறத்தை வீட்டில் பூசிக்கொள்ளலாம், வெளியே நிறத்தின் பெயரை அம்புக்குறி போட்டு எழுதினால் போதும். நிழல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆகையால் அதை முதல் நிமிடத்திலேயே குறித்துவிட்டு, பிறகு எத்தனை நகர்ந்தாலும் மாற்றாதீர்கள். சூரியன் தாழ்வாக இருப்பதால் நிழல் நீளமாக விழுகிறது, அதை லாபமாக்கிக்கொள்ளலாம்: காய்ந்த செடி ஒன்றின் நிழல் விழும் இடத்தில் தாளை நீட்டி, விழுந்த நிழலை அப்படியே பென்சிலால் தடவிக்கொள்ளுங்கள். சின்னப்பிள்ளை விளையாட்டுதான். ஆனால் அரை நிமிடத்தில் வெற்றுத்தாள் பயம் போய்விடும்.

"மூன்று நாளாக மழை, வெளியே போக வழியில்லை"

மழை விட்ட இடைவெளியில் ஒரு காளானைப் பறித்து வாருங்கள். தொப்பியை மட்டும் வெட்டி, மடிப்புகள் கீழே இருக்கும்படி தாளின் மேல் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். வித்துகள் உதிர்ந்து மடிப்புகளின் கதிர்வடிவம் தாளில் பதிந்திருக்கும். வித்து வெள்ளையா கறுப்பா என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் தாளின் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருக்கட்டும். காலையில் அந்தப் பதிவைப் பார்த்து வரையலாம், நிறத்தோடு பக்கத்தில் குறித்துவைக்கலாம். கையைக் கழுவிவிடுங்கள், தெரியாத காளானை வாயில் வைக்கும் யோசனையே வேண்டாம்.

"எல்லா இலையும் கொட்டிவிட்டது, இனி என்ன இருக்கிறது?"

காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்கிற நேரம் இது. இலை விழுந்த இடத்துக்குச் சற்று மேலே கையால் தடவுங்கள், அடுத்த வசந்தத்துக்கான மொட்டு தயாராக உட்கார்ந்திருக்கும். இலை இருக்கும்போதே வந்துவிட்டது, நாம் பார்க்கவில்லை. மொட்டுக்குக் கீழே காம்பு கழன்ற தழும்பு, அதற்குள் நீர்க்குழாய்கள் அறுந்த சின்னச் சின்னப் புள்ளிகள். ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தில் அந்தத் தழும்பு ஆணி அடித்த குதிரை லாடம் போலவே இருக்கும். ஒரு விரல் நீளக் குச்சியை நாலு மடங்கு பெரிதாக வரைந்து பாருங்கள், ஒரு மாலை போவதே தெரியாது.

இளம் ஓக், பீச் மரங்கள் செத்த இலைகளை உதிர்க்காமல் குளிர்காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்பதும் உண்டு. மேப்பிளின் இறக்கை விதைகள், காய்ந்த நெற்றுகள், புல் கதிர்கள் எல்லாம் இப்போதுதான் கைக்கு எட்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் இலை சிவப்பதே இல்லையென்றாலும் இதே பதில்தான்: விதையும் நெற்றும் எல்லா இடத்திலும் உண்டு, எப்போதும் பச்சையாக நிற்கும் மரமும் நாளுக்கு நாலு இலையையாவது பழுக்கவிட்டுக் கீழே போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

"போட்டோவைப் பார்த்து வரைந்தால் உயிரே இல்லை"

கேமரா நிழலைக் கறுப்பாக்கிவிடுகிறது, நிறத்தைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுகிறது. போட்டோவை வடிவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிறத்துக்கு அந்த இடத்தில் நின்று பூசிய நிறத்திட்டு ஒன்றாவது வேண்டும்.

"மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்தாலே கை நின்றுவிடுகிறது"

பார்ப்பதை ஒரு மாதம் நிறுத்துங்கள். இதற்கு நாசூக்கான வைத்தியம் எதுவும் எனக்குத் தெரிந்து வேலை செய்யவில்லை.

"இதில் எதுவுமே பொருந்தவில்லை, சும்மா வரையப் பிடிக்கவில்லை"

சரி, வரையாதீர்கள். நடக்கப் போங்கள், புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பிடித்ததைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டே வாருங்கள், வாரக் கடைசியில் ஒரு வெள்ளைத்தாளின் மேல் பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். இலைகள் பாதி நொறுங்கியிருக்கும், ஓக் கொட்டை ஒன்று தொப்பியைக் கழற்றிவிட்டு உருண்டிருக்கும், எதிலிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு இறக்கை விதையும் அதில் இருக்கும். அந்த விதையைத் தூக்கி மேலே போட்டுச் சுற்றிச் சுற்றி விழுவதை இரண்டு மூன்று தடவை பாருங்கள். நான் ஒருமுறை இப்படிக் கொட்டிவிட்டு, குப்பையை அள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு இறக்கை விதையின் நரம்புகளைக் கிறுக்கத் தொடங்கினேன், அள்ளுவதற்கு ராத்திரி ஆகிவிட்டது.